பாலம் வந்தால்தான் வாய் திறக்கலாம்

எங்கள் வேனில் ஒரு சட்டம் இருக்கிறது. மூதூர்ச் சந்தியில் கடைசி ஆள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பாட்டுத் தொடங்கும். தொடங்கினால் கிண்ணியாப் பாலம் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இருமலாம், தும்மலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முன்சில்லு பாலத்தில் ஏறிய பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பாலத்திலிருந்து திருகோணமலை நகரம் வந்து சேர அரைமணித்தியாலம் ஆகும். அந்த அரைமணித்தியாலத்தில் நாங்கள் எத்தனை இசையமைப்பாளர்களைக் கிழித்துக் காயப்போட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

நான் கிளிவெட்டியில் ஏறுகிறவள். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் கிளாக், கடிதம் எழுதி உறையில் போடுகிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் தொடங்கி அலுவலகத்துப் பியோன் வரை எல்லாரும் அதைச் சொல்லியாயிற்று, ஆகவே நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேனில் பன்னிரண்டு பேர் போகிறோம். அதில் ஒன்பது பேர் நித்திரைக் கட்சி. ஏறினால் கண்ணை மூடுவார்கள், நகரத்தில் இறங்கும்போது திறப்பார்கள். மற்ற மூன்று பேர்தான் பாட்டுக் கட்சி.

பாட்டுக் கட்சியின் தலைவர் நில அளவை அலுவலகத்து நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். மூதூர்ச் சந்தியில் ஏறுகிறவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர். காணி அளந்து அளந்து எதையும் அளக்காமல் விட ஏலாத ஆளாகிவிட்டார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பார். ஒவ்வொரு அல்பத்துக்கும் அதில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்ஸ் விழும். எழுபதுக்கு மேல் அவர் போட்டதை நான் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். அடுத்தவர் மிஸ்ஸி. என் வீட்டுக்கு அடுத்த தெரு, நகரத்து ஆசுபத்திரியில் நேர்ஸ், அதனால்தான் மிஸ்ஸி. துள்ளல் இல்லாத பாட்டு அவவுக்குப் பாட்டே இல்லை. மூன்றாவது ஆள் நான். பட்டியலை வைத்திருப்பதும் போனில் பாட்டைப் போடுவதும் என் வேலை.

வாராவாரம் வெள்ளிக்கிழமை புதுப் பாட்டுகள் வெளிவரும். சனி, ஞாயிறில் ஆளுக்கு ஒன்றிரண்டாக அல்பங்களை முன்மொழிவோம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, முழுசாக, ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்போம். வெள்ளிக்கிழமை பின்னேரம் தீர்ப்பு. வென்ற அல்பத்தை முன்மொழிந்தவருக்கு அடுத்த கிழமை முழுக்க முன் சீட்டு. தோற்றதை முன்மொழிந்தவருக்குக் கடைசி வரிசையில் சில்லுக்கு மேலான சீட்டு. அந்தச் சீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், எங்கள் வீதியில் எத்தனை குழி என்று.

இன்னொரு சட்டமும் உண்டு. போனைக் குப்புறக் கவிழ்த்து டாஷ்போர்டு லாச்சிக்குள் வைத்துவிடுவேன். பாட்டின் பெயரையும் படத்தையும் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது நானாவின் கட்சி. ஒருவரும் முன்கூட்டிக் கேட்கவும் கூடாது. பாட்டு ஓடும்போது லாச்சியில் கை வைத்தால், கேள்வி விசாரணை இல்லை, நேரே சில்லுச் சீட்டுத்தான். இந்தச் சட்டத்தை ஊர் உலகத்தில் என்னைவிடக் கடுமையாகக் காத்தவர் ஒருவரும் இல்லை. மூன்று பேரை நானே அந்தச் சீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவர் என் சொந்த மச்சாள்.

வேன் ஓடுகிறவன் எங்கள் தெருத் தம்பி. முப்பத்துமூன்று வயது. காலையில் எங்களை இறக்கிவிட்டு, பின்னேரம் நாலரை மணிவரை உட்துறைமுக வீதியில் ஒரு வாகை நிழலில் வேனை விட்டுக் கண்ணாடி எல்லாம் ஏற்றிப் படுத்திருப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். பாட்டைப் பற்றி ஒரு நாளும் அவன் கருத்துச் சொன்னதில்லை. கேட்டால், "நான் ஓடுறவன், எனக்கென்ன தெரியும்" என்பான். நாங்களும் அதை நம்பினோம்.

இது நடந்தது மழை விட்ட ஒரு தை மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டுப் படலையில் வந்து நின்றான். வேன் காசு விசயமாக்கும் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான், போனை நீட்டினான். ஒரு அல்பம். ஏழு பாட்டு. பாடியவர் பெயர் நான் கேள்விப்படாத பெயர்.

"அக்கா, இதை இந்தக் கிழமைப் பட்டியலில போடுறீங்களா?"

"ஆர் இது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நான்தான். பேர் மட்டும் வேற."

எனக்கு வாயடைத்துப்போயிற்று. எனக்கு வாயடைப்பது வருடத்தில் ஒரு தடவை நடந்தால் பெரிய விசயம். பிறகு மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. வாகை நிழலில் அவன் நித்திரை கொள்ளவில்லை. மூன்று வருடமாக, கண்ணாடியை ஏற்றி, தலையணைக்குள் மைக்கைச் சொருகி, எங்கள் வேனுக்குள்ளேயே பாடிப் பதிந்திருக்கிறான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நிறுத்திவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து. வெயிலுக்குள் கண்ணாடி பூட்டிய வேன்! நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

"நல்ல விசயந்தானே தம்பி, உன்ர பேரைச் சொல்லிப் போடுவமே?"

"வேணாம் அக்கா. நான் எண்டு தெரிஞ்சா எல்லாரும் பாவம் பாத்து நல்லம் எண்டு சொல்லுவீங்க. எனக்கு நீங்க பாலத்தில கதைக்கிற கதைதான் வேணும். மூண்டு வருசமாக் கேக்கிறன். அந்தளவு உண்மையா ஒருத்தரும் கதைக்கிறேல்லை." போனைச் சட்டையில் துடைத்தபடி சொன்னான்: "நானா நல்லம் எண்டா ரெண்டாவதைத் தொடங்குவன். சரியில்லை எண்டா மைக்கைக் குடுத்திட்டு இனிப் பாட்டெண்டு வாய் திறக்கமாட்டன். வேனை மட்டும் ஒழுங்கா ஓடுவன்."

பேய்க்கதை கதைக்காதே என்று ஏசினேன். அவன் சிரித்தான், ஆனால் முடிவை மாற்றவில்லை. "நீங்களும் முன்னுக்குக் கேக்கக்கூடாது அக்கா. சட்டம் சட்டம்தான்" என்று என் வாயையே என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனான். நான் புதன்கிழமைக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை ஒரு புதுப்படத்துப் பாட்டுகள். நானா முப்பத்தைந்து போட்டார். "பதினொரு பாட்டு இரிக்கி. கதவைத் தட்டித் தட்டி ஒரே வீட்டுக்குள்ளயே பதினொருக்காப் போய் வந்த மாதிரி இரிக்கி" என்றார். செவ்வாய்க்கிழமை கனடாவில் இருக்கிற நம்மூர்ப் பொடியன்களின் அல்பம். மிஸ்ஸி சீட்டிலிருந்தே ஆடினார், நூற்றுக்கு நூறு கொடுத்தார். அதில் முதல் பாட்டை நாலாவதாகப் போட்டிருக்க வேண்டும் என்று நானா பாலத்துக்கு அப்பால் சீனக்குடா தாண்டியும் விடவில்லை. நானாவுக்குப் பாட்டு எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் பாட்டை அடுக்கின ஒழுங்கு. "ஒரு பாட்டை ஆரும் செய்யலாம். அதுக்குப் பொறகு எந்தப் பாட்டு வரணும் எண்டு தெரிஞ்சவன்தான் ஆள்" என்பார். தம்பி வீதியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய காது மட்டும் பின்னால் இருந்தது, எனக்கல்லவா தெரியும்.

புதன்கிழமை வந்தது. அந்தக் கிழமை முன் சீட்டு எனக்கு. பரீட்சை எழுதுகிறவன் அவன், சீட் பெல்ட்டை மூன்று தடவை பூட்டிக் கழற்றியது நான். மூதூர்ச் சந்தியில் நானா ஏறினார், மிஸ்ஸி கதவை இழுத்துச் சாத்தினார், நான் போனைத் தட்டிவிட்டுக் குப்புற லாச்சிக்குள் வைத்தேன்.

தொடங்கியது ஒரு தாலாட்டு. மெல்ல, மிக மெல்ல, யாரோ ஒருவர் காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரி. குரல் நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆறே முக்கால் மணிக்கு, சூரியன் முகத்தில் அடிக்கிறபோது, தாலாட்டா? நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பயப்படாதே என்று கண்ணால் சொன்னேன். அவன் உதட்டைப் பிதுக்கி லாச்சியைக் காட்டினான். சத்தம் போதாது என்கிறானாக்கும் என்று வேன் ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன்.

இரண்டாவது பாட்டுத் தொடங்க அவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, இரண்டு விரலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக் காட்டினான். வயிற்றைப் பிரட்டுகிறது போல, பாவம் என்று கைப்பையிலிருந்து ஒரு இஞ்சி டொபியை எடுத்து உரித்து அவன் கையில் வைத்தேன். அவன் அந்த டொபியைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மூன்றாவது பாட்டுத்தான் பெரிய கூத்து. எங்கள் கணக்கில் வராத கங்கைப் பாலத்தைத் தாண்டி வேன் நல்ல வேகத்தில் போகிறது, திடீரென்று கதவு திறந்து மூடுகிற சத்தம். கிறீச், டொப். மிஸ்ஸி திடுக்கிட்டு எழும்பிக் கதவைப் பிடித்து இழுத்தார். பூட்டித்தான் இருந்தது. திரும்பவும் கிறீச், டொப். திரும்பவும் இழுத்தார். நித்திரைக் கட்சியில் கதவோரம் இருந்தவர் கண்விழித்து, தன்னை இறக்கிவிடப்போகிறார்களோ என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை நானாவும் சேர்ந்து இழுத்தார். வாய் திறக்கக்கூடாது என்பதால் எல்லாம் கைப்பாஷையில் நடந்தது. தம்பி நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டாத குறையாகக் குனிந்துகொண்டு ஓடினான்.

வழமையைவிட மெதுவாகத்தான் ஓடினான். ஏழு பாட்டும் பாலத்துக்கு முன் முடியவேண்டும் என்று பார்த்திருக்கிறான். கடைசியாக வந்தது ஒரு சோத்துப் பார்சல் பாட்டு. வாழையிலை, பருப்பு, பொரிச்ச மீன் என்று துள்ளிக்கொண்டு போய், சட்டென்று நின்றது. முன்சில்லு பாலத்தில் ஏறியது.

"அல்லாஹ்வே!" என்று தொடங்கினார் நானா. "சுபஹு தொழுதிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு உசாராகி வந்த மனிசனுக்குக் காலங்காத்தால தாலாட்டுப் பாடுறானே, இவன் என்ன மனிசன்!"

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். "நானா, குரலைப் பற்றி என்ன சொல்றீங்க? எனக்கு எங்கயோ கேட்ட குரல் மாதிரிக் கிடக்கு."

நல்லகாலம், நானா குரலில் நிற்கவில்லை. "கொரல் நல்லம். சொல்லும் நல்லம். ஆனா ஒழுங்கில்ல புள்ள. தூங்க வெச்சான், பொறகு வெயிலுக்குள்ள போட்டு வாட்டினான், பொறகுதான் கிளம்புவம் எண்டு பாடுறான். கடைசியில சோத்தைத் தந்திட்டு எழும்பிப் போயிட்டான். வீட்டை முதல் கட்டிட்டுப் பொறகு அத்திவாரம் வெட்டுற ஆள். இவனுக்குப் பாட்டு வரும், அல்பம் வராது." கொப்பியை எடுத்தார். "முப்பத்தெட்டு."

மிஸ்ஸி ஐம்பது கொடுத்தார், சோத்துப் பார்சலுக்காக. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? பொய் சொன்னால் அவன் கேட்டதை நான் கொடுக்கவில்லை. உண்மை சொன்னால் அவன் செத்தான். "ஒழுங்கு எனக்கும் விளங்கேல்லைத்தான்" என்றேன். என் பக்கத்தில் இருந்தவன் பாலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சி டொபி இன்னும் அப்படியே கையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

சீனக்குடாவை நெருங்கும்போது போனை எடுப்பதற்காக லாச்சியைத் திறந்து அதை நிமிர்த்தினேன். திரையின் மூலையில் ஒன்றையொன்று குறுக்காகப் பின்னிய இரண்டு அம்புக்குறி, பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஷஃபிள். பாட்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துப் போடுகிற சனியன்.

முதல்நாள் பின்னேரம் குசினியில் தேங்காய் துருவும்போது பழைய பாட்டுகளைக் கலந்து கேட்கலாம் என்று அதை அமத்தியது நான். நிறுத்த மறந்ததும் நான். அவன் சுற்றிக் காட்டிய இரண்டு விரலும், பிதுக்கிய உதடும் ஒன்றாக என் மண்டையில் அடித்தன. முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒழுங்கு பிழை என்று வாய் திறந்தால் ஒழுங்கு எப்படித் தெரியும் என்று கேட்போம். லாச்சியில் கை வைத்தாலும் பிடிபட்டுவிடுவான். முக்கால் மணித்தியாலம் தன் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி ஓடியிருக்கிறான்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், போனைக் கைப்பைக்குள் போட்டு மூடிவிடலாமா என்றும் நினைத்தேன். மூன்று பேரைச் சில்லுச் சீட்டுக்கு அனுப்பியவள் அல்லவா. வெட்கம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த டொபியைக் கண்டேன்.

"ஐயோ!" என்று நான் கத்திய கத்தலில் தம்பி பிரேக்கை அமத்த, நித்திரைக் கட்சி முழுவதும் முன்னால் வந்து விழுந்தது. "ஷஃபிள்! ஷஃபிளில ஓடியிருக்கு! ஒழுங்கெல்லாம் பிழை! நேத்துக் குசினியில தேங்காய் துருவேக்க அமத்தினது! நான்தான், நான்தான் விசரி!"

நானா போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அந்த அம்புக்குறியைக் காணி எல்லைக்கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி," என்றார் மிக அமைதியாக, "பின்னேரம் சில்லுச் சீட்டு."

"ஓம் நானா."

"நானும் பிழைதான். முப்பத்தெட்டுப் போட்டிட்டன். அடுக்குத் தெரியாம அடுக்கைக் குறை சொல்லியிருக்கன். பின்னேரம் திரும்பக் கேக்கணும். காலையில பாலத்தில வாயைத் திறந்தம், பின்னேரம் அதே பாலத்தில வாயை மூடுவம்." கொப்பியில் முப்பத்தெட்டை ஒரு கோடு போட்டு வெட்டினார். தம்பி வேனை எடுத்தான்.

அன்று அலுவலகத்தில் நான் செய்த வேலை என்னவென்று கேட்கக்கூடாது. இரண்டு கடிதத்தை மாறி மாறி உறைக்குள் போட்டு ஏச்சு வாங்கினேன். நாலரை மணிக்கு வேன் வந்தபோது முன் சீட்டு வெறுமையாக இருந்தது. நான் நேரே போய்ச் சில்லுச் சீட்டில் குந்தினேன். ஷஃபிள் நின்றிருக்கிறதா என்று நானா மூன்று தடவை பார்த்தார், மிஸ்ஸியையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். காலைக் கூத்தைக் கேள்விப்பட்டு நித்திரைக் கட்சியிலும் பாதிப் பேர் முழித்திருந்தார்கள். பாலம் வந்தது. எல்லாரும் வாயை மூடினோம். நானா போனைத் தட்டி லாச்சிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தார்.

கிறீச், டொப்.

அல்பம் தொடங்குவதே அந்தக் கதவுச் சத்தத்தில்தான். பிறகு ஒரு எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாம் தடவை பிடிக்கிறது. காலையில் ஓட்டத்தின் நடுவில் வந்ததால் எங்கள் கதவு என்று நினைத்து இழுத்தோம். இப்போது அமைதிக்குள் தனியாகக் கேட்டபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது, அது எங்கள் கதவேதான். மூன்று வருடம் நாள்தோறும் இரண்டு நேரம் இழுத்துச் சாத்துகிற கதவு. இரண்டு தடவை இருமுகிற எஞ்சினும் உலகத்தில் இது ஒன்றுதான். மிஸ்ஸி கையை வாயில் வைத்தார். நானா நிமிர்ந்து, தம்பியின் பிடரியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். சட்டம் சட்டம்தான், ஒருவரும் மூச்சு விடவில்லை.

இரண்டாவது பாட்டு, காலையில் யாருடையதோ வேன் என்று நாங்கள் விட்டுவிட்டது, வேன் கண்ணாடியில் தெரிகிறவர்களைப் பற்றியது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர், பக்கத்து ஆளின் தோளில் வழிகிறவர், கனவில் யாரையோ ஏசுகிறவர். அந்தந்த ஆட்கள் அந்தந்த இடத்தில் முழித்துக்கொண்டு இருந்தார்கள்! சிரிப்பை அடக்க ஏலாமல் சீட்டுகள் ஆடின. முன்னுக்கு இருந்து வாய் ஓயாத ஒரு அக்காவும் அதில் வந்தாள். அவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு துறைமுகத்து மத்தியானம் வந்தது, பூட்டிய கண்ணாடிக்குள் காத்திருக்கிறவனின் வெயில் வந்தது. காலையில் நீட்டி இழுக்கிறான் என்று பட்ட அதே பாட்டு. இப்போது அதற்குப் பிறகு சோத்துப் பார்சல் வந்தபோது எங்களுக்கே பசி எடுத்தது, அவ்வளவு கச்சிதமாக வந்து விழுந்தது. ஒரு நாள் முழுவதையும் அவன் அடுக்கியிருக்கிறான். எங்களுடைய நாள்.

மூதூர்ச் சந்தி வந்தபோது ஆறு பாட்டு முடிந்திருந்தது. தம்பி வேனை ஓரம் கட்டினான். நானா இறங்கும் இடம். ஏழாவது பாட்டுத் தொடங்கிவிட்டது. காலையில் முதலாவதாக வந்து அவரிடம் மொத்து வாங்கிய தாலாட்டு. அவர் ஏற்கெனவே கேட்ட பாட்டுத்தான். வீட்டில் தேத்தண்ணியோடு மனைவி பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும், நேரம் பிந்தாத மனிதர் அவர் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மிஸ்ஸி கதவில் கை வைத்தார். நானா அசையவில்லை. தம்பி கண்ணாடியில் பார்த்தான். நானா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை மட்டும் தூக்கி, போ என்று முன்னால் காட்டினார்.

*இறங்கிறாக்கள் இறங்குங்க, கதவ மெல்லச் சாத்துங்க, பின்னுக்கொரு புள்ள நித்திர…*

அது வீட்டுக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக் கடைசியில் வெறும் வேனோடு திரும்புகிறவனின் தாலாட்டு. இரண்டு பக்கமும் பச்சை வயல். வெயில் தாழ்ந்து கண்ணாடியில் சரிந்து விழுந்தது. நான் சில்லுச் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன். பாட்டு முடிந்து கடைசியாக ஒரு தடவை, காலையில் ஒருவரும் கவனிக்காத அளவு மெல்ல, கிறீச், டொப்.

"நிப்பாட்டு" என்றார் நானா.

வேன் வயலோரம் நின்றது. நானா இறங்கினார். சுற்றிப் போய்ச் சாரதிக் கதவைத் திறந்தார். தம்பி பயந்துபோய் அவரைப் பார்த்தான்.

"இறங்கு தம்பி."

"நானா, அது வந்து..."

"இறங்கு எண்டு சொல்றன். போய் முன் சீட்டில ஏறு. இந்தக் கிழமை வெண்ட ஆள் அங்கதான் இரிக்கணும். இன்னும் ரெண்டு நாள் இரிக்கி எண்டு எனக்கும் தெரியும். அந்த ரெண்டு அல்பமும் வரட்டும், பாப்பம்."

நித்திரைக் கட்சி கைதட்டியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அலுவலக ஜீப்பை முப்பது வருடம் ஓடிய கையால் நானா ஸ்டியரிங்கைப் பிடித்தார். தம்பி போய் முன் சீட்டில் இருந்தான். சொந்த வேனில் அந்தப் பக்கம் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தான், வேன் வேகம் எடுக்க இல்லாத பிரேக்கைக் காலால் அமத்தினான். முகத்தை யன்னல் பக்கம் திருப்பியிருந்தான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி பின்னால் இருந்து அவன் முதுகைத் தடவிவிட்டார்.

கொஞ்சத் தூரம் போனதும் நானா தொண்டையைச் செருமினார். "ஒரு குறை இரிக்கி."

தம்பியின் கால் இல்லாத பிரேக்கை இன்னொரு தடவை அமத்தியது.

"நாலாவது பாட்டில கடைசி அரை நிமிசம் வீண். வெட்டணும். ரெண்டாவது அல்பத்தில இந்த வேலை பாக்காத."

தம்பி மெல்லத் திரும்பினான். "ரெண்டாவதோ நானா?"

"பின்ன என்ன, நான் கிளிவெட்டிக்கு வயல் பாக்கவா வாறன்? அடுக்கிப்போட்டு முதல் எனக்குக் காட்டு. இல்ல, காட்டாத. சட்டம் இரிக்கி. பட்டியலில போடு."

தம்பி சிரித்தான். கண்ணீரைத் துடைக்கவும் மறந்து சிரித்தான். பிறகு சீட்டுக்கு மேலால் எட்டிக் கடைசி வரிசையில் என்னைத் தேடினான். காலையில் நான் கொடுத்த இஞ்சி டொபியைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எல்லாரும் பார்க்க அதை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"அக்கா, ரெண்டாவதைப் போடேக்க குசினியில தேங்காய் துருவாதீங்க."

வேனே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. பதில் சொல்ல நானும் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நானா ஒரு பெரிய குழியில் விட்டார், என் தலை கூரையில் போய் மோதியது. வலியில் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. கிளிவெட்டி வரும்வரை அப்படியேதான் இருந்தேன்.